கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடம் நாம் பேசவில்லை

லூர்துமேரி டீச்சர் இறந்த செய்தி நம் பள்ளியின் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நான் கும்பகோணத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எல்லோரையும் போல ஒரு கும்பிடும் கைப்படத்தை அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் அவரும் நானும் அடுத்தடுத்த வகுப்பறை. காதில் கருவியை மாட்டிவிட்டால் மட்டும் போதாது, கேட்கப் பழக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. டீச்சர் பிள்ளைக்கு எதிரே உட்காரமாட்டார்; கருவி இருக்கும் காதுப் பக்கமாக ஒட்டி உட்காருவார். "எதிர்ல உக்காந்தா வாயப் பாத்தே சொல்லிடும் சார். அப்புறம் காதுக்கு என்ன வேலை?" என்பார்.

தினமும் காலையில் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று சொல்லுவோம். பிள்ளை திருப்பிச் சொன்னால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். என் வகுப்பில் ஒருவரும் தவறவிட்டதில்லை, எனக்கு அதில் கர்வம் வேறு. ஒருநாள் டீச்சர் வந்து, அப்போதுதான் ஆறையும் சரியாகச் சொல்லி முடித்திருந்த ஒரு சிறுமியின் கருவியைத் திறந்து காட்டினார். பேட்டரியே இல்லை. நான் என்றும் ஒரே வரிசையில் சொன்னதால், அட்டை மேலே போகும்போதெல்லாம் அவள் மனப்பாடமாக அடுத்ததைச் சொல்லியிருக்கிறாள். "பொண்ணு கெட்டிக்காரி சார். வாத்தியார்தான் மக்கு," என்று சிரித்தார். என் தவறை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பிள்ளையின் அப்பா, திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி, "கேக்காத புள்ளகிட்ட என்னத்தங்க பேசுறது?" என்று அவரிடம் கேட்டார். "ஆத்துல தண்ணி வந்தப்பறமா வாய்க்கால தூர்வாருறீங்க? முன்னாடியே வெட்டி வைக்கிறீங்கல்ல. சோறு ஊட்டுறப்ப பேசுங்க, குளிப்பாட்டுறப்ப பேசுங்க," என்றார் டீச்சர். இதை நாம் எத்தனை பெற்றோரிடம் சொந்தச் சரக்குபோல அவிழ்த்துவிட்டிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கே காது மந்தமானது. அவரும் கருவி மாட்டிக்கொண்டார். குத்தாலத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். அவர் எதிரிலேயே இருக்க, மருமகளைப் பார்த்து, "டீச்சர் நல்லா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டேன். "என்னையே கேளுங்க சார். மெதுவாக் கேட்டா நானே சொல்லுவேன்," என்றார் டீச்சர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்புறம் போனில் ஓரிரு தடவை கத்திப் பார்த்தேன். பிறகு காலை வணக்கப் படங்களோடு நிறுத்திக்கொண்டேன். குழுவில் இருக்கும் நீங்களும் அப்படித்தான். ஒரு பிள்ளையின் அப்பா இதைச் செய்திருந்தால் நாம் அவரை நிற்கவைத்துத் திட்டியிருப்போம்.

அடக்கத்தன்று கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மருமகள் பக்கத்தில் வந்தார். "மத்த நாள்ல வீட்டுல மிஷினக் கழட்டி வச்சிருவாங்க சார். ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தும் கழட்ட மாட்டாங்க. ஸ்கூல்லேர்ந்து யாராச்சும் வந்தா பேசணும்லன்னு பொழுது சாயிற வரைக்கும் மாட்டிக்கிட்டே இருப்பாங்க," என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்ததையெல்லாம் எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். குத்தாலம் எனக்கு அரை மணி நேரப் பயணம். அன்றெல்லாம் நானும் வீட்டில் சும்மாதான் இருந்தேன்.