தரைக்குப் போர்வை

கட்டைவிரல் நகத்தைப் போம் என்ற நுரைப்பலகைத் துண்டில் ஊன்றி, பத்து எண்ணும்வரை அழுத்துகிறார் பாக்கியரத்தினம். பிறகு சட்டைப்பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறார்.

“ரெண்டு மில்லிமீற்றர் அமுங்குது,” என்று கடைக்காரர் ஜெமீலிடம் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். “இதுக்கு டென்சிற்றி காணாது.”

“ஐயா, இது மீன் பெட்டிக்கு வைக்கிற ரெஜிபோம். மீன் ஒரு நாளும் டென்சிற்றி கேட்டதில்ல.”

ஆணி வாங்க வந்த நாலுபேர் சிரிக்கிறார்கள். பாக்கியரத்தினம் சிரிப்பதில்லை. துண்டைத் துடைத்துச் சொப்பிங் பையில் வைக்கிறார். வாரத்தில் மூன்று காலை இது நடக்கிறது. ஜெமீல் இப்போதெல்லாம் அவரைக் கண்டதும் மற்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிடுகிறார்.

பாக்கியரத்தினத்துக்கு வயது ஐம்பத்தாறு. துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எரிந்துபோன உப்புவெளி வீட்டை அதே அத்திவாரத்தில் திரும்பக் கட்டுகிறார். ஏழு வருடமாகக் குடும்பம் பாலையூற்றில், மனைவி கமலேஸ்வரியின் தமக்கை வீட்டுப் பக்க அறையில் ஒதுங்கியிருக்கிறது. புது வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. சீற் கூரை போட்டாயிற்று. கதவுக்குப் பூட்டுக்கூட வந்துவிட்டது. தரை மட்டும் இல்லை. பங்குனியிலிருந்து உள்ளே வெறும் மணல். தரைக்குக் கீழே எந்தப் போம் போடுவது என்று வீட்டுக்காரர் இன்னும் தீர்மானிக்கவில்லை.

தரைக்கு எதற்குப் போம் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு கடிதத்தைக் காட்டுவார். கமலேஸ்வரியின் தம்பி ஆனந்தராசா நோர்வேயிலிருந்து எழுதியது. தான் அங்கே கட்டும் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறார்: நிலத்தின் குளிர் ஏறாமலிருக்கக் கொங்கிறீற்றுக்குக் கீழே நாலு அங்குலத் தடிப்பில் போம் போடுகிறார்களாம். நீங்களும் போடுங்கள் என்று அதில் எங்கும் இல்லை. பாக்கியரத்தினம் அந்தக் கடிதத்துக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருக்கிறார்.

சொப்பிங் பையில் எப்போதும் மூன்று மாதிரிகள் இருக்கும். முத்து முத்தாக உதிரும் வெள்ளை, வெள்ளித்தாள் ஒட்டிய மஞ்சள், கொழும்பு ஏஜென்சி ஒன்று அனுப்பிய நீலம். நீலம் தண்ணீர் குடிக்காது, இலேசில் அமுங்காது என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்க, வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்துக் களஞ்சியத் தராசில் நிறுத்துப் பார்த்தார். அடுத்த வாரம் மூன்றையும் மைத்துனியின் ஆட்டுக்கல்லுக்குக் கீழே வைத்தார். வீட்டில் ஒன்பது நாள் தோசை இல்லை. மஞ்சளுக்குள் கட்டெறும்பு குடியேறியதை அவர் முடிவுக் கொப்பியில் குறிக்கவில்லை. நோர்வேக் கடிதத்தில் எறும்பைப் பற்றி எதுவும் இல்லை.

ஒருநாள் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் வந்த எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தைக்காரிகளும் நின்றார்கள். வெயில் தலையைப் பிளந்தது. வேறு எவனும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருப்பான். பாக்கியரத்தினம் தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் குளிர் நிலத்திலிருந்து எப்படி ஏறுகிறது என்று சிப்பாய்க்கு விளக்கத் தொடங்கினார். சிப்பாய் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க நீலத் துண்டை இரண்டாக முறித்தான். “பாத்தீங்களோ, முறிக்க எவ்வளவு கஷ்டப்பட்டவன்!” என்று பஸ்ஸில் ஏறியதும் பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தனைக்கும் வீட்டில் அவசரம் இருந்தது. கிளிவெட்டியில் கட்டிக்கொடுத்த மகள் பூரணிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும். மழை இறங்கினாலோ, எங்காவது வெடித்தாலோ, அந்தப் பக்கத்துப் பாதை பூட்டிவிடும். தமக்கை வீட்டுப் பக்க அறையில் இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவர் கதிரையில்தான் இருக்க வேண்டும்.

“இஞ்சருங்கோ, பிள்ளைக்கு எட்டு மாசமாகுது. அவளை எங்க கிடத்திறது, மணலிலயோ?” என்றார் கமலேஸ்வரி.

“அவசரப்பட்டு ஊத்திப்போட்டுப் பிறகு கிண்டேலாது. ஆனந்தன் போட்டவன்.”

“அவன் பனிக்குள்ள கிடக்கிறான். இஞ்ச எங்க பனி?”

“உமக்கு விளங்காது.”

கிண்ணியாவிலிருந்து வந்த மேசன் லாபிரும் சொல்லிப் பார்த்தார். “கிளாக்கர் ஐயா, சூடு மேலால இறங்குது. நீங்க கீழால போர்வை தேடுறீங்க.”

“நோர்வேயில மேசன்மார் இப்பிடி எதிர்க்கதை கதைக்கிறேல்ல, லாபிர்.”

“ஓம் ஐயா. அவங்களுக்கு வாய் உறைஞ்சிருக்கும்.”

புரட்டாதிக் கடைசியில் பாக்கியரத்தினம் நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு, நீலப் போமைத் தானே தெரிந்து எடுக்கக் கொழும்புக்குப் போனார். பஸ் புறப்பட்ட அரைமணியில் கமலேஸ்வரி லாபிருக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, தரைக்கு எத்தனை நாள் வேணும்?”

“ஐயா எப்ப வாறார்?”

“நாலாம் நாள்.”

“அப்ப மூண்டு நாள் காணும்.”

மணலை நனைத்து இடித்து இறுக்கினார்கள். கொங்கிறீற்று ஊற்றி, மேலே சிவப்புச் சீமெந்து பூசி மினுக்கினார்கள். கமலேஸ்வரி கிணற்றிலிருந்து தானே தண்ணீர் சுமந்தார். ஏழு வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்ததை யாரும் கண்டதில்லை.

நாலாம் நாள் பின்னேரம் மரக்கறி லொறியொன்று வாசலில் நின்றது. பாக்கியரத்தினம் இருபது நீலப் பலகைகளோடு இறங்கினார். வழிச் சாவடி ஒன்றில் ஒவ்வொரு பலகையிலும் இரும்புக் கம்பி ஏற்றிப் பார்த்திருந்தார்கள். நூற்றுப்பன்னிரண்டு ஓட்டை. லொறிக்குள் இருந்தபடியே அத்தனை ஓட்டையையும் மெழுகுதிரி உருக்கி அடைத்திருக்கிறார். அந்தச் சாதனையை வாசலிலேயே சொல்லத் தொடங்கியவர், உள்ளே பார்த்தார். தரையில் தண்ணீர் தேங்கிப் பளபளத்தது.

“கால் வையாதேங்கோ, காயேல்ல,” என்றார் கமலேஸ்வரி.

“போம்?”

“அதுதானே இப்ப கொண்டு வாறீங்க,” என்றார் சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டிருந்த லாபிர்.

ஒன்பது நாள் பாக்கியரத்தினம் இரண்டு பேரோடும் பேசவில்லை. தரையை உடைக்கப் போவதாகக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் அறிவித்தார். அதற்குள் தரை காய்ந்து, குடும்பம் புது வீட்டுக்கு வந்துவிட்டது. பத்தாம் நாள் அயல்வீட்டிலிருந்து அலவாங்கு ஒன்று இரவல் வாங்கி வந்தார். கமலேஸ்வரி மறிக்கவில்லை. குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்று காலை மூதூர் லோஞ்சுப் படகில் பூரணி வந்து சேர்ந்திருந்தாள். விடிய முன்னம் கிளிவெட்டியை விட்டவள். வழியில் இரண்டு சாவடியில் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தாய் பாய் எடுத்துவரும்வரை அவள் பொறுக்கவில்லை. விறாந்தையைத் தாண்டி, நடு அறையில், வெறுந்தரையில் ஒருக்களித்துச் சரிந்து படுத்தவள் அப்படியே நித்திரையாகியிருந்தாள். தகப்பன் அலவாங்கோடு வந்து நின்றபோது கண்ணைத் திறந்தாள்.

“அப்பா, என்ன குளிர்ச்சி! ஆர் போட்டது?”

அவர் அலவாங்கை, சத்தம் வராமல், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நீலப் பலகைகள் இப்போது கிணற்றடியில் அடுக்கிக் கிடக்கின்றன. கோழிகள் அவற்றைக் கொத்தித் தின்கின்றன. வளவெங்கும் நீலத் துணுக்கு பறக்கிறது. கமலேஸ்வரி ஒவ்வொரு காலையும் கூட்டி அள்ளுகிறார்.

ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. மத்தியானம் சீற் கூரை காய்கிறது. பூரணி அறைக்குள் நித்திரை. நடு அறையில் பாக்கியரத்தினம், சட்டையைக் கழற்றிக் கதவில் போட்டுவிட்டு, தொப்பை தரையில் படியக் குப்புறப் படுத்திருக்கிறார். முன்னால் விமானக் கடிதத் தாள். குண்டு குண்டான களஞ்சிய எழுத்தில் எழுதுகிறார்: ‘அன்புள்ள ஆனந்தராசா, உம்முடைய வீட்டில் போட்டதுபோலவே நாலு அங்குலம் போட்டாயிற்று. குளிர் துளிகூட ஏறுவதில்லை. வீடு நல்ல கதகதப்பு.’

படுத்திருந்த இடம் உடம்பு பட்டுச் சூடேறிவிட்டது. பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, கடிதத்தையும் இழுத்துக்கொண்டு, ஓரடி தள்ளிக் குளிர்ந்து கிடக்கும் தரைக்கு நகர்ந்து, கன்னத்தை அதில் வைக்கிறார்.