காய்ச்சல் இல்லாதவர்களின் ரொட்டி

குடிபாலாவில் அப்பாவுவின் கடைப்பக்கம் யாராவது நடந்தால், எதிரே வருகிறவர் முதலில் கேட்பது "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றுதான். ரொட்டி என்றால் காய்ச்சல். பாலில் நனைத்து, சர்க்கரை தூவி, பட்டினி கிடந்து எழுந்தவன் வாயில் வைப்பதற்காகவே கடவுள் கோதுமையைப் படைத்தார் என்பது ஊரின் தீர்மானமான கருத்து. நல்ல உடம்போடு ஒருவன் ரொட்டி தின்பது, முறியாத காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்வதைப் போல.

ஆகவே அப்பாவு இல்லாமல் ஊருக்கு ஆகாது. அவன் வாசலில் வந்து நிற்பதை மட்டும் யாரும் விரும்புவதில்லை. ஊர் நலமாக இருந்தால் அவனுக்கு வியாபாரம் படுத்துவிடும். அம்மன் கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து ஊர் நல்லாயிருக்கணும் என்று கும்பிடும்போது அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். மதுவிலக்கு அமலிலிருந்த அந்த ஊரில் இட்லி மாவுக்கு அடுத்தபடியாகச் சட்டப்படி புளித்துக்கொண்டிருந்தது அவனுடைய மாவுதான். அதற்குக்கூட ஒரு மரியாதை இல்லை.

வேலூரில் ஒரு ரொட்டிக் கிடங்கில் பல வருஷம் மாவு பிசைந்தவன் அவன். அங்கே ஆரோக்கியமான ஆட்கள் நின்றபடியே டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போவதைக் கண்ணால் கண்டவன். ஒரு மணி நேர பஸ் பயணத்தில் அதே பன் எப்படி மருந்தாகிவிடுகிறது என்பது அவனுக்கு விளங்கவே இல்லை.

தூரத்து உறவில் மாமன் முறையான தணிகாசலத்தின் மகள் சுந்தரியைப் பெண் கேட்கப் போனபோதுதான் அது விளங்கியது. தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்தவன், தன் கைவேலையும் இருக்கட்டும் என்று ஏலக்காய் போட்ட பன்களை மேலாக அடுக்கிக்கொண்டு போனான். அவன் தெருவைத் தாண்டுவதற்குள் சுந்தரிக்கு நாள்பட்ட நோய் என்ற செய்தி தெருவைத் தாண்டிவிட்டது. புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை.

மறுநாள் தணிகாசலம் கடைக்கே வந்துவிட்டார். நிலக்கடலை விவசாயி, குரலும் நிலம் தாண்டிக் கேட்கும்.

"ஏன்டா, பொண்ணு கேக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா? கேட்டுக்கோ. காய்ச்ச கீய்ச்ச இல்லாத ஒருத்தன், நாலு பேரு பாக்க, உன் ரொட்டிய துன்னட்டும். அன்னிக்கி வா, கல்யாணம் பேசலாம்."

"நாலு பேரு பாத்தா போதுமா மாமா?"

"போதும்."

நடக்காது என்பதைச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது. அப்பாவு அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டான்.

உண்மையில் ஒரு ஆள் ஏற்கெனவே தின்றாகிவிட்டது. கிணற்றடியில் சுந்தரி தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "நான் துன்னேன். நல்லாத்தான் கீது. ஆனா இத நைனாகிட்ட சொன்னா, பித்தம் தலைக்கேறிடுச்சின்னு இன்னும் ரெண்டு ரொட்டி வாங்கியாந்து குடுப்பாரு."

அப்பாவு விடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்று தானே தின்று காட்டினான். பாவம், ஒண்டிக்கட்டை, காய்ச்சலோடு தானே சுட்டுத் தின்கிறான் என்று இரக்கப்பட்டார்கள். டீக்கடையில் ஒரு தட்டு பன் இலவசமாக வைத்தான். ஊரில் ஏதோ தொற்றுநோய் வந்திருக்கிறது என்று டீக்கடைக்கே கூட்டம் குறைந்தது. ஆனாலும் விடிந்ததும் மாவு பிசைந்தான். பிசைகிற கையில் கொஞ்சம் கோபமும் இருந்ததால் ரொட்டி முன்னைவிட மிருதுவாகவே வந்தது.

அது எல்லைத் தகராறு முற்றியிருந்த சமயம். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியும், சித்தூர்ப் பக்கம் யாருக்கு என்ற பேச்சு ஓயவில்லை. சென்னையோடு சேர்க்கவேண்டும் என்ற கூட்டத்துக்கு ஊரில் தணிகாசலம் தலைவர். ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்ற கூட்டத்துக்கு ரங்கையா. ஏரி மதகை எப்போது திறப்பது என்பதிலிருந்து எல்லாவற்றிலும் முரண்பட்ட இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் தெரியாமல் ஒத்துப்போய்விட்டார்கள்: ஒரே நாளில் கடையடைப்பு அறிவித்துவிட்டார்கள். பின்வாங்கினால் மற்றவனுக்கு வெற்றி. ஆகவே ஊர் இரண்டு மடங்கு மூடிக் கிடந்தது.

அப்பாவு கடைக்கு மட்டும் இரண்டு தரப்பும் விலக்கு அளித்தன. மருந்துக்கடையை மூடுவது பாவமல்லவா.

உண்மையாகவே நோயாளி இருந்த வீடுகளுக்கு அவன் காலையிலேயே ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். உச்சிவெயிலில் இரண்டு ஊர்வலமும் கத்திக் களைத்தபின் கடையின் பின்வாசலில் ஆள் வரத் தொடங்கியது. ஒருவன் மனைவிக்குக் குளிர்காய்ச்சல் என்றான். ஒருவன் இறந்துபோன மாமியாருக்கே காய்ச்சல் வரவழைத்தான். எல்லா முகத்திலும் பசி. ஒரு முகத்திலும் நோய் இல்லை.

சும்மா விற்றுவிட்டிருந்தால் மாலைக்குள் தட்டு காலியாகியிருக்கும். அப்பாவு பின்கதவைத் தாழிட்டான். பெஞ்சைத் தூக்கித் தெருவில் போட்டு, தட்டுகளை அதன்மேல் வரிசையாக வைத்தான்.

"காய்ச்சலுக்கு இன்னிக்கி ரொட்டி கிடையாது. பசிக்குதுன்னு சொல்றவங்களுக்குத்தான்."

பசி என்று சொன்னால் அது சாப்பாடு. சாப்பாடு விற்றால் கடையடைப்பை மீறியதாகும். கூட்டம் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு தலைவர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

"மருந்துன்னா தொறந்து வைக்கிறேன், சாப்பாடுன்னா நான் செஞ்சது தப்பு. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றான் அப்பாவு.

ரங்கையா நல்ல மனுஷர். "இதி மந்து கதா! மருந்து விக்கறவன எதுக்குப்பா தொந்தரவு பண்றீங்க?" என்றார்.

அவர் வாயை மூடியிருந்தால் தணிகாசலமும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"எவன் சொன்னான் மருந்துன்னு? இது சாப்பாடு."

"சாப்பாடுன்னா நீ துன்னு, பாக்கலாம்" என்றார் ரங்கையா.

தணிகாசலம் ஒரு பன்னை எடுத்து இரண்டு வாயில் முடித்தார். சொன்னதில் உறுதி தெரியவேண்டுமென்று இன்னொன்றையும் எடுத்தார். காலையிலிருந்து அவரும் பட்டினி.

"உடம்புக்கு ஒண்ணுமில்லியே மாமா?" என்று அப்பாவு மெதுவாகக் கேட்டான்.

"எனக்கின்னாடா, கல்லு மாதிரி கீறேன்."

சொன்ன பிறகுதான் அவர் தாடை நின்றது. சுற்றிலும் பார்த்தார். நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள்.

அதற்குள் இரு மொழியிலும் பசி என்ற சொல் கிளம்பி, தட்டுகள் காலியாகிவிட்டன. தின்று முடித்தபின் தொண்டர்களுக்குக் கடமை நினைவு வந்தது. தலைவரே சாப்பாடு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாரே. தணிகாசலத்தின் ஆட்கள் கடப்பாரையோடு உள்ளே போய் அடுப்பின் முகப்பை இடித்துத் தள்ளினார்கள். அப்பாவு தடுக்கவில்லை. மருந்துக்கடையை யாரும் இடிப்பதில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டான்.

மறுநாள் காலை தணிகாசலம் வந்தார். முன்தினம் பேசியது அரசியல், அதைக் குடும்பத்தில் கலக்கக்கூடாது என்று தொடங்கினார்.

"பேசினது அரசியல். துன்னது?"

அந்தக் கேள்வி அவர் வீட்டிலேயே வந்தாகிவிட்டது. முந்தின இரவே சுந்தரி அவர் தட்டில் சோற்றுக்குப் பதில் ஒரு பன்னை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"சரி, தை பொறக்கட்டும். தாம்பாளம் எடுத்துக்கினு வா" என்றார் கடைசியில்.

"வரேன். மொதல்ல அடுப்பு. உங்க ஆளுங்க இடிச்சது, நீங்கதான் கட்டித் தரணும். தாம்பாளத்துல பன்னும் இருக்கும்."

"அது இல்லாம வரக்கூடாதா?"

"வர மாட்டேன் மாமா."

ஒரு பேச்சுக்குக்கூட அவன் இறங்கவில்லை. தணிகாசலம் இடிந்த முகப்பைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்புக்காக அப்பாவு நனைத்து வைத்திருந்த களிமண்ணில் இறங்கி மிதிக்கத் தொடங்கினார்.