மகளைத் திரும்ப விடாத பேரரசர்

அப்பா இறந்த மறுவாரமே சரோஜினி நகரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குத் திரும்பி, பதினோராம் வகுப்புக்கு ரோமானிய வரலாறு எடுத்தேன். உள்நாட்டுப் போரை முடித்து நாட்டுக்கு அமைதி தந்த முதல் பேரரசர், பெற்ற மகளைத் தீவுக்கு நாடுகடத்தினார். கடைசிவரை ரோமுக்குத் திரும்ப விடவே இல்லை.

நான் காதல் திருமணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா என்னிடம் பேசியதில்லை. சாணக்யபுரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அவருடைய அலுவலகத்தார் ஒவ்வொருவராக எழுந்து, அவரைப்போல் நல்லவரைப் பார்த்ததில்லை என்றார்கள். அது பொய்யில்லை. எனக்கு அழுகை வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் தமிழ் மாணவி ஒருத்தி பின்னாலேயே வந்தாள்.

"மேம், அவர் நிஜமாவே நல்லவரா?"

"நாட்டுக்கு நல்லவர்தாம்மா."

"அச்சா... பொண்ணுக்கு?"

"அதை அவதான் சொல்லணும்."

"அவ என்ன சொன்னா?"

"யாரும் எழுதி வைக்கலை" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.