ஜெர்மனிக்குப் போன பதிவுத் தபால்

தபால் கவுண்டரில் உட்கார்ந்தால் ஸ்டாம்ப் விற்பதுதான் வேலை என்று நினைப்போம். வருகிறவர்கள் உலகத்தையே விளக்கச் சொல்வார்கள். ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! காட்டுப்பாக்கத்தில் எனக்கு வாய்த்தவர் முனுசாமி.

பிளாக் செய்ய முடியாதது

ஜெர்மனி விலாசம் எழுதிய கவரோடு வந்தார். மகள் பவானி அங்கே வேலைக்குப் போய், இவரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் போனில் வாய்க்கு வந்தபடி திட்ட, அவள் நம்பரையே பிளாக் செய்துவிட்டாள். ஒரு வருஷமாகப் பேச்சில்லை. "மன்னிச்சுக்கோன்னு எழுதிகீறேம்மா" என்றார்.

பதிவுத் தபாலில் போடச் சொன்னேன். கூடவே ஒப்புகை அட்டை வைத்தால், அவள் கையெழுத்தோடு அது திரும்பி வரும். வாங்க மறுத்தால் கவரே திரும்பி வரும். அதைக் கேட்டதும் கவரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஒட்டுறது நம்ம ஊரு ஸ்டாம்ப்பு. அந்த ஊரு போஸ்ட்மேன் எதுக்கும்மா நமக்காவ மாடிப்படி ஏறணும்?"

இருபத்திரண்டு நாடும் பதினாறு வீடும்

இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது, வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்பந்தம், போகிற வழிக்கேற்ப ஒரே கடிதத்துக்கு வேறு வேறு கட்டணம். நூற்றைம்பது வருஷம் முன்பு இருபத்திரண்டு நாடுகள் சுவிட்சர்லாந்தில் கூடி, 'ஸ்டாம்ப் காசை அனுப்புகிற நாடே வைத்துக்கொள்ளட்டும், வந்த கடிதத்தை நாம் சும்மாவே கொடுத்துவிடுவோம்' என்று முடிவு செய்தனவாம். ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், எல்லாம் சரிக்குச் சரி என்பது அவர்கள் எண்ணம். பிற்பாடு அதில் மாறுதல்கள் வந்தன என்பது வேறு விஷயம்.

மறுவாரம் அட்டை வந்ததா என்று கேட்க வந்தவரிடம் இதைச் சொன்னேன். முனுசாமி தன் நிலத்தில் எழுந்த அபார்ட்மெண்டுக்குத் தானே செயலாளர். "இருபத்திரெண்டு நாடு ஒத்துக்கிச்சா? எங்களாண்ட பதினாறு ஊடு, தண்ணி மோட்டார் எப்ப போடறதுன்னு ஒத்து வரலியே!" என்று சிரித்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "பதில் வந்தே தீரும்னு அவங்களா நம்பிக்கினாங்களா?"

திரும்பி வந்த அட்டை

அதற்கப்புறம் தினமும் வந்தார். அட்டை வந்த அன்று நானே போன் செய்தேன்; சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அட்டை மட்டும்தான், கூடக் கடிதம் எதுவும் இல்லை. எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

கல்யாணமானதும் பெண்கள் புருஷன் இனிஷியலுக்கு மாறிவிடுவதுதானே வழக்கம். முனுசாமி அட்டையில் மகள் போட்ட கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "மு. பவானி... இன்னும் என் இனிஷியலத்தான் போட்டுகினு கீறா, பாரும்மா!"

இருபத்திரண்டு நாடுகள் தொடங்கிவைத்த ஏற்பாடு காட்டுப்பாக்கம் வரை ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீர் மோட்டார் விஷயம்தான் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.