பூங்காவுக்குப் போட்ட பூட்டு

மார்கழிக் குளிரில், காலை ஆறு மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். திண்டுக்கல்லுக்கு அறுபது மைல்கூட இல்லை. ஆனால் அந்த வண்டிக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. மணப்பாறையில் ஓரணாவுக்கு வாங்கிய முறுக்கைத் தின்று தீர்த்து, மறுபடி பசியெடுத்த பிறகும் வையம்பட்டி வரவில்லை.

பயணத்துக்குக் காரணம் இரண்டு. திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை செண்பகம், வீடு கட்டப்போகும் மனையை வந்து பார்க்கும்படி சொல்லி அனுப்பியிருந்தாள். இன்னொன்று என் சொந்தக் காரியம். லால்குடியில் என் வீட்டுக் கொல்லையில் கொய்யா காய்த்துக் குலுங்குகிறது. தெருப் பிள்ளைகள் ஒரு பிஞ்சையும் விட்டுவைப்பதில்லை. தங்கை மாப்பிள்ளை மாரிமுத்து பூட்டுத் தொழிலாளி. கொல்லைக் கதவுக்கு அவர் கையால் ஒரு பூட்டு வாங்கிவிட வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

அய்யலூரில் சந்தைக்கு வந்த கூட்டம் ஏறியது. என் காலடியில் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கட்டிவிட்டு ஒரு வியாபாரி உட்கார்ந்தார். அதில் ஒன்று என் வேட்டி நுனியைச் சுவைக்க ஆரம்பித்தது.

“வேட்டிய மடிச்சுக் கட்டுங்கண்ணே, இதுகளுக்கு எதுவும் ஆகும்” என்றார் அவர். “எங்கிட்டுப் போறீக?”

நான் மனையிருக்கும் இடத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “பூட்டுக்காரவுக எடமா? அங்க வச்ச மரக்கன்னுகள அம்புட்டையும் எங்க ஆடுக ருசி பாத்துருச்சு. அப்புறம் கோவிச்சுக்கிட்டுப் பூட்டிப்புட்டாக.”

ஒன்பதரை மணிக்குத் திண்டுக்கல். ஜட்காவுக்கு எட்டணா. மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு, தோல் ஷாப்பு வாடையையும் பிரியாணி வாசனையையும் மாறிமாறி அனுபவித்தபடி, ஊருக்கு வெளியே திருச்சி ரோட்டோரத்தில் இறங்கினேன். ஒரு சிறு கூட்டமே நின்றிருந்தது. செண்பகம் ஓடிவந்து பையை வாங்கினாள்.

“நல்ல நாளா பாத்து வந்தீக அண்ணே. இன்னைக்கு நகராட்சி ஓவர்சியர் வாராரு.”

பூட்டுத் தொழிலாளிகள் பலர் கூடி வாங்கிய நிலம் அது. நகராட்சியின் விதி என்னவென்றால், புதிதாக மனை பிரிப்பவர்கள் ஒரு பங்கு நிலத்தைப் பொதுவுக்குப் பூங்காவாக விட வேண்டும். அதில் மரம் வளர்த்துக் காட்ட வேண்டும். மலையிலிருந்து குளத்துக்குப் போகும் மழைநீர் வாய்க்காலை மூடக்கூடாது. இத்தனையும் ஓவர்சியர் உள்ளே போய் அளந்து பார்த்த பிறகே வீடு கட்ட அனுமதி கிடைக்கும். வாய்க்கால் சுத்தமாக ஓடியது. பூங்காவின் ஆளுயரக் கள்ளிவேலிக்கு மேலே வேம்பும் புங்கனும் பூவரசும் தலைகாட்டின. செண்பகம் குடியிருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். தை பிறந்ததும் கடைக்கால் தோண்டினால்தான் அதற்குள் கூரை ஏறும்.

எல்லாம் சரி. வேலிக்கு நடுவே இரண்டு கல்தூண், பெரிய ஒற்றை இரும்புக் கதவு, அதை ஒரு தூணோடு பிணைத்த சங்கிலி. சங்கிலியில் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு மாங்காய்ப் பூட்டு. சாவி அவர்கள் சங்கத் தலைவர் ராசுவின் அரைஞாணில் இருக்கிறது. ராசுவோ மொட்டை போட்டுக்கொள்ளப் பழனிக்குப் போயிருக்கிறார். ஓவர்சியர் வருகிற செய்தி அவர் பஸ் ஏறிய பிறகுதான் வந்ததாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

“இன்னொரு சாவி?” என்று கேட்டேன்.

மாரிமுத்து என்னை இரக்கத்தோடு பார்த்தார். “ரெண்டு சாவி இருந்தா அது பூட்டு இல்ல மச்சான், தாழ்ப்பாள்.”

வேறு ஊர்க்காரன் ஆட்டுக்குப் பயந்தால் படலை வைத்துக் கயிற்றால் கட்டியிருப்பான். இவர்கள் கஜானாவுக்குப் போடுகிற பூட்டைப் போட்டிருக்கிறார்கள். என்ன செய்ய, கைக்குத் தெரிந்தது அதுதானே.

பத்தரை மணிக்கு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். நரைத்த மீசை, கக்கத்தில் குடை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “உள்ள போகாம நான் எதை அளக்கிறது? செத்த நேரம் இருக்கேன். விட்டா அடுத்த சுத்து பங்குனியிலதான்” என்று சொல்லி, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

பங்குனி என்றதும் செண்பகத்தின் முகம் விழுந்துவிட்டது. அவள் சின்ன வயதிலிருந்தே எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. கேட்டது இந்த வீடு ஒன்றுதான்.

“ஏலே மாரி, நீ செஞ்ச பூட்டுத்தானே? கம்பிய விட்டுத் தொறலே” என்றார் ஒருவர்.

“நான் கம்பி விட்டுத் தொறந்தா கள்ளனும் தொறப்பான். அப்படியா செஞ்சு வச்சிருக்கேன்?”

யாரோ சம்மட்டி கொண்டுவந்தார்கள். மாரிமுத்து பூட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சொந்தப் பிள்ளையை அடிக்க வந்தால்கூட மனிதர் அப்படி நிற்பாரா, தெரியாது.

செண்பகம் குரலை உயர்த்தவில்லை. “உங்களுக்குப் பூட்டு பெருசா, வீடு பெருசா? ஒண்ணச் சொல்லிருங்க, நான் போய் உலை வைக்கிறேன்.”

மாரிமுத்து சம்மட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு கதவின் கீல் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

“கடப்பாரை குடுங்கப்பா. நாலு பேரு வாங்க.”

கீல் முளையிலிருந்து கதவை அப்படியே நெம்பித் தூக்கினார்கள். தூணை விட்டு அது கழன்றது. சங்கிலி பிடித்திருந்த பக்கமாகக் கதவைத் திருப்பிச் சாய்த்தார்கள். கீல் பக்கம் வழி விட்டது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. “போங்கய்யா” என்றார் மாரிமுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ஓவர்சியர் அளவுச் சங்கிலி போட்டு அளந்தார். ஒவ்வொரு மரத்தின் அடியையும் தொட்டுப் பார்த்தார். புதிதாக வெட்டிய கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, “அளவு சரி. மரம் அருமையா வந்திருக்கு. ஆனா ஒண்ணு” என்றார். செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொதுஜனத்துக்குன்னு விட்ட எடம். பூட்டி வச்சா அது பொதுஜனத்துக்கு எப்படி ஆகும்? இனிமே பூட்ட மாட்டோம்னு சொன்னா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

எல்லாரும் மாரிமுத்துவைப் பார்த்தார்கள். “பூட்டினதத் தொறக்கவே சாவி இல்லையே. எப்படிங்கய்யா இனிமே பூட்டுறது?” என்றார் அவர். ஓவர்சியர் குடை ஆடச் சிரித்தார். அங்கேயே கையெழுத்தானது. செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட வாங்கண்ணே” என்றாள். கத்தரிக்காய் வெஞ்சனமும் சுடுசோறும் அன்றைக்குப் போல் ருசித்ததில்லை.

சாயங்காலம் மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் பஞ்சாமிர்தமுமாக ராசு ஓட்டமாக வந்து சாவியை நீட்டினார். “நீங்களே வச்சுக்கங்க. பூட்டு அது பாட்டுக்குத் தொங்கட்டும்” என்றார் மாரிமுத்து.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருச்சி பஸ். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கல்தூணில் பூட்டு கம்பீரமாகத் தொங்கியது. சாய்ந்த கதவைச் சுற்றிக்கொண்டு பெண்கள் குடத்தோடு கிணற்றுக்குப் போய்வந்தார்கள். சாலையில் ஒரு வெள்ளாடு நின்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, வழியை மறித்துக் கையில் குச்சியோடு மாரிமுத்து. எங்கள் ஊர்ப் பூங்காவுக்குக் காவல்காரன் உண்டு, திறக்கும் நேரம் உண்டு, போய் உட்கார ஒருத்தரும் இல்லை.

நான் கேட்ட பூட்டு பையில் கனத்தது. காசு வேண்டாம் என்று சொல்லி, எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். திருச்சியில் பஸ் மாறி, லால்குடியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது கொய்யா மரத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். என்னைக் கண்டதும் குதிக்கப் பார்த்தார்கள். “மெல்ல இறங்குங்கடா, கிளை ஒடிஞ்சிடும்” என்றேன். பூட்டு இப்போது எங்கள் அரிசிப் பெட்டியில் தொங்குகிறது.