இரண்டாம் தடவை கேட்கிறவர்

என் வீட்டுக்காரர் ராயப்பராஜ் கதவைப் பூட்டினால் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரமும் இழுத்துப் பார்ப்பார்.

"பூட்டு செய்யிற ஊர்ல இருந்துக்கிட்டு பூட்டை நம்பாத ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பேன்.

"இருக்கட்டும் லூர்து. நம்ம கேக்குறதக் கேட்டுக்கிருவோம்" என்பார்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழுந்தவர், திரும்ப முழங்கால் போட்டு, "மன்னிப்பு ஆயிருச்சுங்களா சாமி?" என்று கேட்டிருக்கிறார். சாமியார் சிரித்துக்கொண்டே, "ஆயிருச்சு, போப்பா. பின்னாடி ஆளு நிக்கிது" என்று அனுப்பினாராம். அவரே வந்து சொல்லிச் சிரித்தார்.

அவர் ஆத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கிணறு வற்றியதும் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தார். பஞ்சுப் பொதியை உடைக்கிற பகுதியில் வேலை. பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். இந்த ஆள் பஞ்சுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து அழகாக இருந்ததால் மேனேஜர் இரக்கப்பட்டு ஆபீசில் உட்கார வைத்தார். எத்தனை பொதி வந்தது, எத்தனை மூட்டை நூல் போனது என்று எழுதுகிற வேலை. நெஞ்சுச் சத்தம் அடங்கியது. அந்த வருஷங்களில்தான் நான் அவர் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

தொண்ணூற்றாறில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டே நாற்காலி. வருஷக் கணக்கு முடிகிறதற்குள் யார் நன்றாகப் படித்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கு நாற்காலி. மூன்றாவது ஆள் பஞ்சு கோடவுனில் எடை போடப் போக வேண்டும். மேனேஜர் இதைச் சாதாரணமாகச் சொன்னாராம். அந்தப் பஞ்சுத் தூசிக்குள் போனால் இவருக்கு என்ன ஆகும் என்று எனக்கும் இவருக்கும் தெரியும்.

கோயம்புத்தூரில் இருந்து ஸ்ரீராம் என்ற பையன் சொல்லிக் கொடுக்க வந்தான். அந்தக் கம்ப்யூட்டரில் படம் கிடையாதாம். கறுப்புத் திரையில் ஒரு குறி நிற்கும், பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டும். நாம் சரியான எழுத்தை அடித்தால்தான் அது வேலை செய்யும். அதற்கு யூனிக்ஸ் என்று பெயர்.

ஆபீசில் தொட்டுப் பார்க்க முறை வைத்துத்தான் விடுவார்கள். அதனால் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எடுத்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு எழுத்துகளை எழுதினார். சாயந்திரம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அடிப்பார். எதை அடித்தாலும் கடைசியில் வலது ஓரத்துப் பெரிய கட்டத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். எதிரில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு நான் கேள்வி கேட்பேன். ஏழாவதோடு நின்றவள்தான், ஆனாலும் இங்கிலீஷ் எழுத்து தெரியும். எதிரே இருந்து பார்த்ததால் எல்லா எழுத்தும் எனக்குத் தலைகீழாகத்தான் பழக்கம்.

"எல்.எஸ். அடிச்சா?"

"இந்த அறைக்குள்ள என்னென்ன ஃபைல் கெடக்குன்னு காட்டும்."

"பி.டபிள்யூ.டி.?"

"நான் எந்த அறைக்குள்ள நிக்கிறேன்னு சொல்லும்."

"ஏங்க, அது கூடவா தெரியாம நிப்பீக?"

"கறுப்பா இருக்கு புள்ள. அதுக்குள்ள எல்லா அறையும் ஒண்ணு போலத்தான் தெரியுது."

"எம்.வி.?"

"ஒரு ஃபைலை வேற எடத்துக்கு மாத்தும். பேரையும் மாத்தும்."

"மாத்துனதும் மாத்திட்டேன்னு சொல்லுமா?"

அவர் விரல் அட்டையில் அப்படியே நின்றுவிட்டது. "அதான் புள்ள எனக்கு ஒப்பல. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. அந்தத் தம்பிகிட்டயும் கேட்டேன். வேலை முடிஞ்சுதுன்னா அது பேசாதுங்ண்ணா, தப்பா இருந்தாத்தானுங்க பேசும்ங்குறான். மனுசன் எப்படி நம்புறது?"

மேனேஜரிடம் கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர் "ம்" என்று சொல்லும் வரை மேசைக்கு முன்னால் நிற்கிற ஆள் இவர். எதிரே இருக்கிறவர் பேசாமல் இருந்தால் கோபம் என்றுதான் இவருக்குத் தெரியும்.

ஆனாலும் படித்துவிட்டார். கூட வேலை பார்த்த காத்தமுத்து, "ராயப்பண்ணே, கோடவுனுக்கு நான்தான் போகப் போறேன், தராசைத் தொடச்சு வையுங்க" என்று கேலி செய்கிற அளவுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு வருகிற வழியில் எனக்குக் கனகாம்பரம் வாங்கி வந்தார்.

வருஷக் கணக்கு முடிகிற நேரம். ஸ்ரீராம் சாப்பிடப் போயிருந்தான். பழைய மாதத்து ஃபைலுக்குப் பெயர் மாற்றும்படி மேனேஜர் இவரிடம் சொன்னார். இவர் எம்.வி. என்று அடித்துப் பெயரை மாற்றினார். கம்ப்யூட்டர் பேசவில்லை. செத்த நேரம் பார்த்தார். பிறகு பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரி, அதையே இன்னொரு தரம் அடித்தார். இப்போது அது பேசியது. அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது.

இருக்காதுதான். முதல் தடவையிலேயே பெயர் மாறிவிட்டது. ஆனால் ஃபைல் அழிந்துபோனது என்று இவர் நினைத்துவிட்டார். ஏதாவது தொலைந்தால் சனிக்கிழமை நகல் எடுத்து வைத்த டேப்பைப் போட்டு எடுக்கலாம் என்று ஸ்ரீராம் சொல்லியிருந்தான். டேப்பைப் போட்டார். எல்லாம் சனிக்கிழமை இருந்த நிலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஏற்றிய கணக்கு எல்லாம் போனது.

ஸ்ரீராம் வந்து எல்.எஸ். அடித்தான். டேப்பில் அந்தப் புதுப் பெயர் இல்லாததால், இவர் தேடிய ஃபைல் மட்டும் அந்தப் பெயரோடு பத்திரமாக நின்றது.

"இதத்தானே அண்ணா நான் மொதநாளே சொல்லிக் குடுத்தனுங்க" என்று அந்தப் பையன் அழாத குறையாகச் சொன்னானாம். இவர் மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். மேனேஜர் தலை நிமிரவே இல்லையாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் இதைச் சொன்னார். தினமும் நான் கேட்ட முதல் கேள்வி எல்.எஸ். அதை ஒரு தரம் அடிச்சுப் பாத்திருக்கலாமே என்று என் நாக்கு வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இந்த மனுசர் உடைந்துபோவார் என்று விழுங்கினேன். தட்டை வைத்து, சோறு போட்டு, வெஞ்சனத்தை ஓரமாக வைத்தேன்.

"ஏதாச்சும் சொல்லு லூர்து."

சின்னதிலிருந்தே முக்கியமான நேரத்தில் எனக்குப் பேச்சு வராது.

"நீயும் பேசாம இருந்தா நான் என்னன்னு எடுத்துக்குறது?" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

கோடவுனுக்குப் போனார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு எடை போட்டார். முதல் மழைக்காலத்திலேயே பூனைக்குட்டி திரும்பி வந்துவிட்டது. வேறு வேலைக்குச் செம்பட்டியிலும் நெய்க்காரப்பட்டியிலும் சொல்லி வைத்தோம். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். இவர் தெரியாது என்றே சொல்லிவிட்டு வருவார். காத்தமுத்து வீட்டுக்கு வந்தால் கேலி எதுவும் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போவார். சேலைப்பெட்டி அட்டையை நான் பரணில் போட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றில், இனி பார்க்க ஒன்றுமில்லை என்று பெரியாஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச மூச்சு போதவில்லை. சாய்ந்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். தவக்காலத்தில், குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம், என்னை விட்டுப் போனார்.

அதற்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம், எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போர்வையின் மேல் அவர் விரல் நகர்ந்தது. அவருக்கு வலப்பக்கம் ஒரு தட்டு. இடப்பக்கம் வந்து ஒரு தட்டு. பிறகு வலது ஓரத்துக்குப் போய் ஒரு தட்டு. என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு அட்டை தேவைப்படவில்லை. எல். எஸ். கடைசியில் அடிக்கிற பெரிய கட்டம். இந்த அறைக்குள்ள என்னென்ன கெடக்கு என்று கேட்கிறார்.

வெங்காயத்தைக் கீழே வைத்தேன். இந்தத் தடவை பேச்சு வந்தது.

"அடுப்பு இருக்கு. தண்ணிக் குடம் இருக்கு. மாதா படம் இருக்கு. உங்க சட்டை ஆணியில தொங்குது. நான் இருக்கேன், இந்தா, உங்களுக்கு எதுத்தாப்புல."

அவர் கேட்டுக்கொண்டார். செத்த நேரம் கழித்து அதையே இன்னொரு தரம் அடித்தார்.

நான் மறுபடியும் அடுப்பில் இருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.