வெள்ளிக்கிழமையைத் தவறவிட்ட பட்டியல்

துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் குன்றில் இருந்த எங்கள் கந்தோரில் கணினி வேலைக்கு இரண்டே பேர், நானும் என்னோடு வேலை செய்த ஒருவரும். புரோகிராம்களை அட்டைகளில் துளையிட்டுத்தான் எழுதுவோம். ஒரு திகதிக்கு என்ன கிழமை என்று கணக்கிடும் அட்டைகளை நான் எழுதி, எந்தப் புரோகிராமும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று, பொதுவான அட்டைகளை வைக்கும் எங்கள் புரோகிராம் நூலகத்தில் சேர்த்திருந்தேன். துறைமுகத் தொழிலாளரின் வேலைப் பட்டியலை அச்சிடும் புரோகிராம் அவருடையது.

அது லீப் வருசம். என் கணக்கு பெப்ரவரி இருபத்தொன்பதை விட்டுவிடுகிறது என்று கண்டு, நூலகத்தில் திருத்தி அவரிடமும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு லீவில் போனார்.

மார்ச்சின் முதல் வெள்ளி காலை, பஸ்ஸில் வரும்போதே மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவருடைய புரோகிராம் நூலகத்திலிருந்து எடுக்கிறதா, தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கிறதா? நான் கேட்கவே இல்லை. அலுமாரியைத் திறந்து அவருடைய அட்டைக் கட்டைப் புரட்டினேன். நடுவில் என் பழைய அட்டைகளின் நகல், பிழையோடு அப்படியே இருந்தது.

மூதூரிலிருந்து துறைமுக வேலைக்கு வரும் முஸ்லிம் ஆட்களுக்கு வெள்ளி மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போக ஓய்வு உண்டு. ஒரு நாள் பிந்திவிட்ட பட்டியல் அதைச் சனிக்குத் தள்ளியிருக்கும். இறங்குதுறைக்கு ஓடினேன். அங்கே மூதூர்க் குழுவின் தலைவர் பட்டியலைப் பார்த்தபடி நின்றார்.

"இதில இண்டைக்கு வியாழன் எண்டு கிடக்கு, தங்கச்சி. திங்களே கேட்டனாங்கள். மிசின் பிழை விடாது எண்டு சொல்லிப்போட்டினம்."

"மிசின் இல்லை, நான்தான் பிழை விட்டனான்," என்றேன்.

துறைப் பொறுப்பதிகாரி, கையெழுத்தில்லாமல் பட்டியலை மாற்ற ஏலாது என்றார். நானே பேனையால் வெட்டித் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். கரையில் நின்றவர்கள் மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போனார்கள். சரக்குப் படகில் கப்பலுக்குப் போய்விட்ட ஆறு பேரைக் கூப்பிட வழியில்லை. அவர்கள் திரும்பும்வரை இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் துறையிலேயே நடந்துகொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒருவர், வாற வெள்ளி சரியாக வருமா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

சக ஊழியர் திரும்பி வந்ததும் ஏன் பிரதி எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கள் நூலகத்தில கை வைச்சால் என்ர வேலை நிண்டுபோகும் எண்ட பயம்தான்," என்றார்.

முன்பு இரண்டு தரம் அப்படி நடந்திருந்தது. இனி ஒரே பிரதிதான், மற்றவரிடம் சொல்லாமல் அதை மாற்றுவதில்லை என்று பேசிக்கொண்டோம். அவர் நகலை உருவி எறிந்துவிட்டு, நூலகத்திலிருந்து எடுக்கும்படி புரோகிராமைத் திருத்தினார். இரண்டு தரம் ஓடாமல் நின்றது. மூன்றாம் தரம் பட்டியல் வந்தது. வெள்ளி வெள்ளியாகவே இருந்தது. பியோனுக்குக் காத்திராமல் நானே அதை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினேன்.